குளத்துக்கு ஐந்து ஹெச்.பி. கேட்டவர்

பம்ப் கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு ஹெச்.பி. என்றால் என்னவென்று தெரிகிறது. மீதிப் பேர் டிப்ளமோ படித்தவர்கள். நானும் டிப்ளமோதான், அதனால் யாரும் முகத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டாம்.

1993-இல் விழுப்புரத்தில் ஒரு பம்ப் கடையில் சேர்ந்தேன். என் பெயர் ரோசலின், கடையில் ரோசி. அந்தக் காலத்தில் கடைக்கு வருகிறவர்கள் எதிரே நிற்கும் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, "ஆளு யாரும் இல்லியா?" என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது. பிறகு நானும் அவர்களோடு சேர்ந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யாரும் இல்லீங்க, நான்தான் இருக்கேன்" என்று சொல்லப் பழகிவிட்டேன். அந்தப் பதிலுக்குப் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். சிரித்த மனுஷனுக்கு வால்வு விற்பது சுலபம்.

சில வருஷங்கள் கழித்து முதலாளி திண்டிவனத்தில் ஒரு கிளை திறந்து என்னை அங்கே உட்காரவைத்தார். வாடிக்கையாளர்கள் எல்லாம் கிணறும் போரும் வைத்திருக்கிற விவசாயிகள். அவர்களுக்கு ஹெச்.பி. என்பது மானப் பிரச்சினை. பக்கத்துக் கொல்லைக்காரர் ஏழரை போட்டால் இவர் பத்து போட்டாக வேண்டும், கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பது அப்புறம். இந்த வியாதிக்கு நான் மருந்து கண்டுபிடிக்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும் என் கண்ணெதிரே குணமானார். அவர் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அவர் பெயரை மாற்றியிருக்கிறேன். அந்தப் பக்கத்து ஆட்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அருணாசலம் என்று வைத்துக்கொள்வோம். பெருமுக்கல் பக்கம் அரிசி ஆலை வைத்திருந்தவர். ஆளும் அரிசி மூட்டை மாதிரிதான், ஒரு பக்கம் சாய்த்தால் இன்னொரு பக்கம் பிதுங்கும். பெங்களூரில் இருந்த மகள் வீட்டுப் பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தால் இரண்டு நாளில் "போர் அடிக்குது" என்று திரும்பிப் போய்விடுகிறார்கள் என்பதற்காக, வீட்டுக்குப் பின்னால் ஒரு நீச்சல் குளமே கட்டிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. அவர் மனைவி சரோஜாம்மா அதைக் கடைசிவரை தொட்டி என்றுதான் சொன்னார்.

ஒரு மே மாதம் அருணாசலம் கடைக்கு வந்து, நின்றபடியே ஆர்டர் கொடுத்தார்.

"ஏம்மா, பூல் பம்ப் பூடுச்சு. காயில் எரிஞ்சிபோச்சு. அஞ்சு எச்பி ஒண்ணு குடு."

"பழசு எத்தினி எச்பிங்க?"

"அத்த இன்னாத்துக்குக் கேக்கற. ஒண்ணு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளில சொல்லவே கேவலமா கீது. மில்லுல இருவது எச்பி ஓடுது, கெணத்துல ஏழரை ஓடுது, பூல்ல ஒண்ணு."

"நான் ஒரு தபா வந்து பாக்கறங்க. பாக்காம பம்ப் குடுக்க முடியாது."

"பூல இன்னா பாக்கறது. தண்ணி இருக்கும்."

போய்ப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது, பச்சையாக. பம்ப் நின்று பல நாளாகியிருந்தது. பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை வருகிறார்கள் என்று அவருக்கு அவசரம். குளம் சின்னதுதான். ஒரு ஓரத்தில் இறங்கப் படிகள். கட்டிய மேஸ்திரி, தண்ணீரை உறிஞ்சும் ஓட்டையைத் தரையில் வைக்காமல், கடைசிப் படிக்குப் பின்னால் இருந்த சுவரில் வைத்திருந்தார். அதன்மேல் குமிழ் மாதிரி ஒரு சல்லடை மூடி. அங்கிருந்து உறிஞ்சிய தண்ணீர், மணல் நிரப்பிய ஃபில்டருக்குள் போய்ச் சுத்தமாகி மறுபக்கம் குளத்துக்குத் திரும்புகிறது. அவ்வளவுதான் ஏற்பாடு.

வீட்டு வாசலிலேயே வாதம் தொடங்கியது. சரோஜாம்மா டீ கொண்டுவந்தார்.

"ஐயா, கெணத்துல தண்ணிய மேல ஏத்தணும். அதுக்குத் தெம்பு வேணும். இங்க ஏத்தறது எதுவும் இல்ல, சுத்தி வந்தா போதும். மெதுவா போனாத்தான் மணல்ல அழுக்கு தங்கும். டீ வடிகட்டும்போது மொத்த டீயும் ஒரே ஊத்தா ஊத்துனா இன்னா ஆவும்?"

"டீ வடிகட்டற டிப்பார்ட்மெண்ட் அவங்க" என்று மனைவியைக் காட்டினார்.

"சிந்தும்" என்றார் சரோஜாம்மா.

அருணாசலம் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பைப்பு தாங்காதுன்னா பெரிய பைப்பு போடு. ஃபில்டரு தாங்காதுன்னா பெரிய ஃபில்டரு போடு. நான் சைக்கிளா கேக்கறேன்? காருதான கேக்கறேன்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்து ஹெச்.பி. வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அன்று என்னிடம் இருந்த காரணமெல்லாம் ஃபில்டர் வெடிக்கும், தண்ணீர் சுத்தமாகாது என்பது மட்டும்தான். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று அந்தப் படிக்குப் பின்னால் இருந்தது. நான் அதைக் குனிந்து பார்த்தேன், மூடி நன்றாக இருக்கிறது என்று நிமிர்ந்துவிட்டேன்.

சென்னையில் இருந்து ஒரு ஹெச்.பி. பம்ப் வரவழைத்துத் தருகிறேன், சனிக்கிழமைக்கு முடியாது, அடுத்த வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் கடைக்கு வந்து சேர்வதற்குள் அவர் விழுப்புரத்தில் முதலாளிக்கு ஃபோன் செய்துவிட்டார். முதலாளி எனக்கு ஃபோன் செய்தார்.

"கஸ்டமர் கேக்கறத குடு ரோசி. அவரு இன்னா உன் கிட்னியவா கேக்கறாரு? அஞ்சு எச்பி மோனோபிளாக் இங்க சும்மா கெடக்குது."

"அது வயலுக்குப் போடறதுங்க."

"பூலும் தண்ணிதான, சாராயமா?"

பம்ப் விழுப்புரத்திலிருந்து நேராக அவர் வீட்டுக்குப் போய்விட்டது. மாட்டியது மில்லில் ஃபிட்டர் வேலை பார்த்த வேலு. கெட்டிக்காரன். எந்த மோட்டாரையும் எப்படியாவது ஓடவைத்துவிடுவான். அந்த 'எப்படியாவது'தான் அவனிடம் பிரச்சினை.

சனிக்கிழமை காலை நான் கடையில் இருந்தேன். முதலாளியும் ஸ்டாக் பார்க்க வந்து, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சென்னை சப்ளையரிடமிருந்து ஃபோன் வந்தது. நான் கேட்டிருந்த பம்ப் வந்துவிட்டது, அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், பார்ட்டி ஐந்து ஹெச்.பி. போட்டுவிட்டார் என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"உறியற ஓட்ட எத்தினி மேடம்?"

"ஒண்ணு."

"ஒண்ணே ஒண்ணா? மூடி கீதா?"

"இருக்குது."

"பசங்க குளிப்பாங்களா?"

"இன்னிக்கித்தான் வராங்க."

பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒரே ஓட்ட, அவ்ளோ பெரிய பம்ப். ஒடம்பு போயி ஓட்டைய அடச்சுதுன்னா பம்ப் வுடாது மேடம். தண்ணி கெடைக்கலன்னு இன்னும் இழுக்கும். நாலு ஆம்பளைங்க புடிச்சி இழுத்தாலும் வராது. ஒரு எடத்துல ஒரு பொண்ணுக்கு முடி மாட்டிக்கிச்சு. அதுக்கு மேல என்ன கேக்காதீங்க. மொதல்ல அந்த பம்ப நிறுத்தச் சொல்லுங்க."

உடனே அருணாசலம் வீட்டுக்கு ஃபோன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாரும் குளத்தங்கரையில் இருப்பார்கள் என்று புரிந்தது. முதலாளியிடம், போய்வருகிறேன் என்றேன்.

"எங்க?"

சொன்னேன். வித்த சாமானைத் திருப்பி எடுத்துக்கொண்டு வரப்போகிறாயா என்று கத்துவார் என்று பார்த்தேன். அவர் வாயைத் திறந்தார், மூடினார், சட்டைப்பையிலிருந்து தன் மொபெட் சாவியை எடுத்து மேசைமேல் தள்ளினார். "ஜல்தி போ" என்றார். அவரிடம் நான் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் சொன்னவற்றில் நான் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

மரக்காணம் ரோட்டில் போகும்போது எனக்கு ஒரே யோசனைதான். கூப்பிடாத வீட்டுக்கு, விருந்து நடக்கிற நேரத்தில், அவர் விலைகொடுத்து வாங்கிய பம்பை நிறுத்தச் சொல்லப் போகிறேன். நான் சொல்வது தப்பாக இருந்தால் அசிங்கம். சரியாக இருந்து நான் போகாமல் இருந்தால்? அந்த இடத்தில் யோசனையை நிறுத்தி வேகத்தைக் கூட்டினேன்.

நான் உள்ளே நுழைந்தபோது எல்லாம் அமைதியாக இருந்தது. கரண்ட் இல்லை. மூன்று பேரப்பிள்ளைகள் நீச்சல் உடுப்பில் வரிசையாகக் கரையில் உட்கார்ந்து, தாத்தா எப்போது அனுமதி கொடுப்பார் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பெண் இடுப்பில் காற்று ஊதிய வாத்து ஒன்றை மாட்டியிருந்தாள். குளத்தைத் தானே திறந்துவைப்பது என்று அருணாசலம் முதலில் இறங்கியிருந்தார். கடைசிப் படியில், கழுத்தளவு தண்ணீரில், பட்டை போட்ட டிராயரோடு சிம்மாசனத்தில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் அந்தச் சுவர்.

"வா வா. வந்ததே வந்த, பஜ்ஜி சாப்புடு."

"ஐயா, பம்ப் போடாதீங்க."

"எங்க போடறது, கரண்டு போயி ஒரு மணி நேரம் ஆச்சு."

வேலு பக்கத்தில் நின்றிருந்தான். "வேலு, உள்ள அந்தச் சல்லட மூடி இருக்குதா?"

"அத்த எடுத்துட்டேன் யக்கா. தண்ணிய வுடல, திணறுது. இப்ப ஃபிரீயா வருது."

"ஐயா, மொதல்ல அந்தப் படிய வுட்டு எந்திரிங்க. பின்னால ஓட்ட இருக்குது. கரண்டு வந்தா..."

"கரண்டு வந்தா வரட்டுமே. நான் இன்னா பல்பா?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. வயலில் நாம் மாட்டுவோமே, கரண்ட் வந்ததும் தானாக மோட்டாரைப் போட்டுவிடும் ஆட்டோ ஸ்டார்ட்டர், அதையும் வேலு மாட்டியிருந்தான். பம்ப் அறைக்குள் டப்பென்று ஒரு சத்தம். ஐந்து ஹெச்.பி. உறுமத் தொடங்கியது.

அருணாசலம் லேசாகப் பின்னால் இழுபட்டார். "யாருடா அது, புடிச்சி இழுக்கறது?" என்றார் சிரித்துக்கொண்டே. பிள்ளைகள் தாத்தா விளையாடுகிறார் என்று கைதட்டினார்கள். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி பார்த்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, கண்ணில் மட்டும் பயம் வந்தது. அப்புறம் கத்தினார். ஆலை ஓடும்போது அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல் அவருக்கு. அன்று வந்தது வேறு குரல்.

வேலு தண்ணீரில் குதித்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். சரோஜாம்மா மேலிருந்து தோளைப் பிடித்தார்.

"இழுக்காதீங்க, சதை கிழிஞ்சிடும்" என்றேன். "பம்ப நிறுத்து வேலு. சாவி எங்க?"

பம்ப் அறைக்குப் பிள்ளைகள் போய்விடக் கூடாது என்று பூட்டு போட்டிருந்தார்கள். சாவியை அருணாசலம் பத்திரமாகத் தன் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தார். அவர் பின்பக்கமும் சுவரும் ஒட்டியிருந்த இடத்தில், நடுவில் சாவி இருந்தது.

வாசலுக்கு ஓடி மெயின் ஸ்விட்சை இழுத்து அணைத்தேன். வீட்டில் ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. பம்ப் நிற்கவில்லை. திரும்பி ஓடிவந்து வேலுவைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இது வூட்டு லைன் இல்ல யக்கா. மோட்டார் கொட்டாயிலேர்ந்து இழுத்துட்டேன். த்ரீ ஃபேஸ் அங்கதான இருக்குது."

கிணற்று மோட்டார் கொட்டாய் வேர்க்கடலைக் கொல்லையைத் தாண்டி, அந்தக் கோடியில். போய்வரும் வரை இவர் தாங்குவாரா என்று பார்த்தேன். உட்கார்ந்த நிலையிலிருந்து அவர் மெல்லச் சரிந்துகொண்டிருந்தார். தண்ணீர் தாடையைத் தொட்டுவிட்டது. சரோஜாம்மா கரையில் படுத்து அவர் தலையை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார். வேலு எங்கிருந்தோ கடப்பாரையைத் தூக்கிவந்து பம்ப் அறைப் பூட்டைக் குத்தத் தொடங்கினான். அது ஆலைக்காரர் வீட்டுப் பூட்டு. அசையவில்லை.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லாரும் பம்பை நிறுத்துவதையே நினைத்துக்கொண்டிருந்தோம், நானும்தான். அந்த மனுஷனைப் பிடித்துவைத்திருப்பது பம்ப் இல்லை, குழாய்க்குள் இருக்கிற வெற்றிடம். அதற்குள் காற்று போனால் பிடி விட்டுவிடும். பம்ப் அதுபாட்டுக்கு ஓடட்டும். வேலு போட்டிருந்த புதுப் பெரிய குழாய், இன்னும் மண் போட்டு மூடாமல், குளத்துக்கும் பம்ப் அறைக்கும் நடுவில் தரைக்கு மேலே வெள்ளையாகக் கிடந்தது.

"பூட்ட வுடு வேலு, பைப்ப ஒட."

"புது பைப்பு யக்கா."

கடப்பாரையை அவனிடமிருந்து பிடுங்கினேன். முதல் குத்து வழுக்கிப் போனது. இரண்டாவது குத்தில் குழாய் பிளந்தது. ஒரு பெரிய பாம்பு சீறுவதுபோலக் காற்று உள்ளே போனது. பம்ப் கீச்சிட்டது. குளத்தில் தொப்பென்று சத்தம் கேட்டுத் திரும்பினேன். அருணாசலம் பிடி விட்டு முன்னால் குப்புற விழுந்து, தண்ணீர் குடித்து, வேலு தூக்க மேலே வந்தார். உலகத்தில் இருக்கிற எல்லாரையும் பெயர் சொல்லித் திட்டினார். உயிர் இருக்கிறது என்று தெரிந்தது.

வேலு கொட்டாய்க்கு ஓடிப் பம்பை நிறுத்தினான். பிள்ளைகளைச் சமையல்காரம்மா உள்ளே கூட்டிப்போனார். சரோஜாம்மா போகிற கடைசிப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கரையில் கழற்றிப் போட்டிருந்த அந்தக் காற்று வாத்தை எடுத்து, அந்தப் படியில், ஓட்டைக்கு நேராக வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அருணாசலம் திட்டுவதை நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "ரோசி, இது வெளில போவக்கூடாது. நான் வழுக்கி வுழுந்துட்டேன். அவ்ளோதான்."

"சரிங்க."

"உன் மொதலாளி கிட்டகூட."

"சரிங்க."

பிறகு அந்தக் குளத்துக்கு நான் போட்ட பம்ப், பழையதைவிடவும் சின்னது. முக்கால் ஹெச்.பி. அந்த அளவு தண்ணீருக்கும் அந்த ஃபில்டருக்கும் அது தாராளம். பழைய ஒன்றே கொஞ்சம் அதிகம்தான். அதோடு உறிஞ்சும் ஓட்டையை இரண்டாக்கி, ஒன்றுக்கொன்று எட்டத்தில் வைக்கச் சொன்னேன். ஒன்றை யாராவது அடைத்தாலும் தண்ணீர் மற்றதன் வழியாக வந்துவிடும், ஆளைப் பிடிக்காது. இரண்டுக்கும் கையால் கழற்ற முடியாத மூடி. கரண்ட் வந்தால் தானாக ஓடக் கூடாது, மனுஷன் வந்து போட வேண்டும். நிறுத்தும் ஸ்விட்ச் பூட்டாத சுவரில், யாருக்கும் எட்டுகிற இடத்தில். நீங்கள் நாளைக்கு யாருக்காவது குளத்துப் பம்ப் மாற்றப் போனால் ஹெச்.பி.யைக் கடைசியாகக் கேளுங்கள். அது எங்கே வாய் வைத்து உறிஞ்சுகிறது, அந்த வாய்க்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள் என்பதை முதலில் கேளுங்கள்.

இதெல்லாம் பிறகு. அன்று நடந்தது இன்னும் முடியவில்லை.

மில் மினி லாரியில் அவரைத் திண்டிவனத்தில் டாக்டரிடம் கொண்டுபோனோம். உட்கார முடியாததால், பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வந்தார். டாக்டர் பார்த்துவிட்டு, வலிக்கு ஊசி போட்டு, வெளியே வந்து எங்களிடம் சொன்னார்: தப்பித்தார். இன்னும் கொஞ்சம் கீழே சரிந்து உட்கார்ந்திருந்தால் குடலையே இழுத்திருக்கும். குழந்தையாக இருந்தால் பேசவே வேண்டாம்.

வண்டி ஓட்டிவந்த வேலு அதைக் கேட்டுச் சுவரில் சாய்ந்தான்.

"யக்கா, போன வாரம் தங்கராசு வூட்லயும் இதே மாரிதான் செஞ்சி குடுத்தேன். மூடிய அங்கயும் கழட்டிட்டேன்."

தங்கராசு என்பவர் அருணாசலத்தின் சித்தப்பா மகன். விழுப்புரத்தைத் தாண்டிக் கண்டாச்சிபுரம் ரோட்டில் வீடு. அண்ணன் தம்பிக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப்போன தகராறு. பேச்சு இல்லையே தவிரப் போட்டி உண்டு. இவர் குளம் கட்டினார் என்று கேள்விப்பட்டு அவரும் கட்டியிருந்தார். மில் ஃபிட்டரை மட்டும் அண்ணனுக்குத் தெரியாமல் தம்பியும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

டாக்டர் அறையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்த அருணாசலம், வேலு சொன்னதைக் கேட்டுக்கொண்டே வந்துவிட்டார். தம்பிக்கும் பம்ப் மாட்டிக்கொடுத்த துரோகத்துக்காக வேலுவை அறைவார் என்று நினைத்தேன். அவர் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய், மனப்பாடமாக நம்பரைச் சுழற்றினார். பேசாத தம்பியின் நம்பர் அவருக்கு எப்படித் தெரிந்திருந்தது என்று நான் கேட்கவில்லை.

"நான் அருணாசலம் பேசறேன்" என்றார். ரிசீவரைப் பார்த்தார். வைத்தார். "வச்சிட்டான்" என்றார்.

மறுபடி சுழற்றினார். இந்தமுறை பெயர் சொல்வதற்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

"வேலு, வண்டிய எடு. ரோசி, நீயும் வா. பம்ப பத்தி நீ சொல்லு, நான் சொன்னா பொறாமன்னுவான்."

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஹைவேயில் அருணாசலம் நின்றுகொண்டே வந்தார். தேர்தல் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. திறந்த வண்டியில், வெள்ளை வேட்டி சட்டையில், கம்பியைப் பிடித்தபடி ஒரு பெரிய மனுஷன் வந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? ஓட்டு போட்டதற்கு நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தார்கள். டீக்கடையில் நின்றவர்கள் கும்பிட்டார்கள். ஒரு ஊரில் ஆரத்தித் தட்டோடு ஒரு அம்மா ரோட்டுக்கே வந்துவிட்டார். அருணாசலம் முதலில் முறைத்தார். விக்கிரவாண்டி தாண்டியதும் பதிலுக்குக் கும்பிட ஆரம்பித்துவிட்டார். ஒரு கையால்தான். இன்னொரு கை பின்னால் இருந்தது.

தங்கராசு வீட்டு வாசலில் வண்டி நின்றபோதே பின்பக்கம் பிள்ளைகள் கூச்சலும் தண்ணீர்ச் சத்தமும் கேட்டது. கூடவே அந்தப் பம்ப் உறுமல். அன்றைக்கு அந்தச் சத்தத்தை ஏற்கெனவே போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டிருந்தேன்.

தங்கராசு கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். அண்ணனைவிட ஒல்லி, முகம் அதே முகம்.

"இன்னா, வழி மாறி வந்துட்டாப்ல?"

"பம்ப நிறுத்து தங்கராசு" என்றார் அருணாசலம். "பசங்கள மேல ஏறச் சொல்லு."

"ஏன், என் வூட்டுப் பசங்க குளிச்சா உனக்கு இன்னா?"

நான் முன்னால் போனேன். ஒரே ஓட்டை, பெரிய பம்ப், மூடி இல்லை, வெற்றிடம் என்று என் டிப்ளமோ முழுவதையும் கொட்டினேன். அவர் அதைக் கேட்டுக்கொண்டே அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தம்மாவ எத்தினி நேரமா பாடம் சொல்லிக் கூட்டியாந்த? எனக்கு பெரிய பம்ப் இருக்கறது உனக்குப் பொறுக்கல. அதான் விஷயம்."

"தங்கராசு, சாமி சத்தியமா..."

"உன் சத்தியம் எனக்குத் தெரியும். பத்திரிகைல என் பேரு தெரியாம வுட்டுப்போச்சுன்னு அன்னிக்கும் சத்தியம்தான பண்ணே."

உள்ளே ஒரு குழந்தை சிரித்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அருணாசலம் என்னைப் பார்த்தார், வேலுவைப் பார்த்தார், ரோட்டில் வண்டியைச் சுற்றிக் கூடியிருந்த நாலைந்து பேரைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் இன்னும் கும்பிட்டபடியே நின்றுகொண்டிருந்தார்.

அருணாசலம் கேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். வேட்டியைத் தூக்கினார். டிராயரையும் இறக்கினார்.

நான் எதிரே இருந்த தென்னை மரத்தில் எத்தனை காய் என்று பார்க்கத் தொடங்கினேன். ஆனாலும் திரும்புவதற்குள் கண்ணில் பட்டுவிட்டது. கத்தரிக்காய் நிறத்தில், இட்லி மாதிரி உப்பி, அளவெடுத்த வட்டமாக, ஓட்டையின் விளிம்பு அப்படியே பதிந்திருந்தது. அதன் ஓரத்தில் சாவியின் தடம்கூட இருந்தது.

"இத்த பாரு" என்றார் அருணாசலம், ரோட்டைப் பார்த்தபடி. "எனக்கு இந்தச் சதை இருந்துச்சு, தாங்குச்சு. உன் பேத்திக்கு இன்னா இருக்குது?"

யாரும் சிரிக்கவில்லை. கும்பிட்டவர் கையைக் கீழே இறக்கினார். தங்கராசு ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "ஏறுங்க, எல்லாம் மேல ஏறுங்க, கேக்குதா, ஏறு." கொஞ்ச நேரத்தில் பம்ப் உறுமல் அடங்கியது.

நான் இந்தத் தொழிலில் எத்தனையோ கேட்லாக் காட்டியிருக்கிறேன், வரைபடம் போட்டு விளக்கியிருக்கிறேன். ஒரு ஆளையும் அவ்வளவு சீக்கிரம் என்னால் சம்மதிக்கவைக்க முடிந்ததில்லை.

தங்கராசு திரும்பி வந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. ஈரப் பேத்தி ஒருத்தியை இடுப்பில் வைத்திருந்தார். கேட்டைத் திறந்தார். அண்ணன் அதற்குள் வேட்டியைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழந்தை இவரையும் அவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தது, இரண்டு முகமும் ஒரே மாதிரி இருப்பது அதற்கு ஆச்சரியம்.

"உள்ள வா" என்றார் தங்கராசு கடைசியில். "ஒக்காந்து ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு போ."

"ஒக்கார முடியாதுடா" என்றார் அருணாசலம். "நின்னுகினே குடிக்கிறேன்."